மன அழுத்த ட்யூட்டிக்கு ஐந்து பேர்

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கிறிஸ்டோவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீ அங்கே சுகமா என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

போன டிசம்பரில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நினைவிருக்கிறதா தெரியவில்லை. மதுரைக்குக் கைதி எஸ்கார்ட் வந்த வழியில் நாலு மணி நேரம் கிடைத்தது என்று வீட்டுக்கு வந்தாய். தோசை ஊற்றினேன். இரண்டாவது தோசையில், "நேத்து ஒரு கெணத்துல இருந்து பாடி எடுத்தோம்ப்பா. சின்னப் பொண்ணு. அது கையில..." என்று ஆரம்பித்தாய். நான் உடனே, கிணற்றில் விழுந்த உடல் ஏன் முதலில் மூழ்குகிறது, மூன்றாம் நாள் ஏன் மிதக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். முப்பத்தாறு வருஷம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவனுக்கு அடர்த்தி என்றால் கை தானாகப் போகும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தை அதில் போட்டுக் காட்டினேன். நீ பழத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். கோபமே இல்லாமல் கேட்டாய்: "நான் சொன்ன ஒண்ணையாவது நீங்க கடைசி வரைக்கும் கேட்டிருக்கீங்களாப்பா?"

"கேட்டுக்கிட்டுத்தானடா இருக்கேன், சொல்லு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ கை கழுவி, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாய். மூன்றாவது தோசை தட்டிலேயே இருந்தது. இந்த எட்டு மாதத்தில் உன்னிடமிருந்து வந்த செய்திகளை எண்ணிவிடலாம். "ட்யூட்டி." "சரிப்பா." "ம்." வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே 'கடைசியாகப் பார்த்தது அதிகாலை 4.10' என்று காட்டினால், பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஸ்தோத்திரம் பண்ணிவிட்டுப் பாலை அடுப்பில் வைப்பேன். பக்கத்து வீட்டு அம்மா வாசல் தெளிக்கும்போது "பாகுன்னாரா சார்" என்று சுகம் விசாரிப்பார்கள். "பாகுன்னானு" என்பேன். அநேக நாள் நான் வாய் திறந்து பேசுவது அவ்வளவுதான், அதுவும் தெலுங்கில்.

போனில் நீ எடுக்க மாட்டாய் என்பதால் கடிதம். கடிதம் என்றால் நடுவில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது. சௌகரியமாகப் படி.

உன் கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் ஜனவரி முழுக்கத் திண்டாடிக்கொண்டிருந்தபோது, சபை நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். காவலர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க, வாரம் ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தேவை. சம்பளம் இல்லை, பயிற்சி உண்டு. காவலர் சொல்வதைக் கேட்பதற்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள் என்றால் இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

விருதுநகரில் மூன்று நாள் பயிற்சி. நடத்தியது ஒரு டாக்டர் பொண்ணு, உன் அத்தை மகள் இவாஞ்சலின் வயதுதான் இருக்கும். "காது மட்டும் குடுங்க சார். புத்தி சொல்லக் கூடாது, உதாரணம் சொல்லக் கூடாது" என்றாள். "உதாரணம் இல்லாமல் எப்படிம்மா? இப்போ ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்" என்று நான் ஆரம்பித்தேன். "இதுதான் சார், இதுதான் கூடாது" என்றாள். இரண்டாம் நாள் எங்களை ஜோடியாகப் பிரித்து, ஒருவர் மன அழுத்தம் உள்ள காவலராக நடிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்தவர் செட்டியார்பட்டி இருதயம், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நான் மூன்று உதாரணம் சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் சிவந்து எழுந்து வெளியே போய்விட்டார். என்ன அருமையாக நடிக்கிறார் என்று கை தட்டினேன். அவர் நடிக்கவில்லை என்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. ஆனாலும் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் என்னைப் போட்டார்கள். பேர் வேண்டாம், உங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று உனக்கே தெரியும். புதன்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை. கேஸில் பிடித்த சாமான்களைப் போட்டு வைக்கிற அறையைக் கொஞ்சம் ஒதுக்கி, ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஐந்து சைக்கிள், இன்னொரு பக்கம் திருவிழாத் தகராறில் பிடித்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, மேஜைக் காலில் கட்டிப்போட்ட ஒரு சேவல். சேவல் சண்டையில் பிடித்ததாம், கோர்ட்டுக்குப் போகும் வரை அங்கேதான். கதவில் 'மன அழுத்தம் உள்ள காவலர்கள் இங்கே வரவும்' என்று கொட்டை எழுத்தில் ஒரு போர்டு. அந்தக் கதவுக்கு நேர் எதிரேதான் துப்பாக்கியோடு பாரா நிற்கிறவர். உள்ளே யார் போகிறார், எப்போது வருகிறார் என்று ஸ்டேஷனுக்கே தெரியும். ஒரு பள்ளிக்கூடத்தில் 'பாடம் நடத்தத் தெரியாத ஆசிரியர்கள் இங்கே வரவும்' என்று போர்டு வைத்தால் நான் போயிருப்பேனா, சொல்லு. மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. நானும் சேவலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் தனியாக இருப்பதற்குப் பதிலாக, பஸ் ஏறிப் போய்த் தனியாக இருந்தேன்.

அப்போது மேலிடத்திலிருந்து, இதுவரை எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எண்ணிக்கை கேட்டுத் தாள் வந்துவிட்டது. ஸ்டேஷன் ரைட்டர் ஜெயபாண்டி நல்ல மனுஷர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எந்தத் தாள் வந்தாலும் அன்றைக்கே பதில் அனுப்பிவிட வேண்டும் அவருக்கு. அடுத்த புதன் காலை ரோல்காலில் ட்யூட்டி பிரித்தார். நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாரா ரெண்டு பேரு. கோர்ட் ஒருத்தர். சம்மன் ரெண்டு. மன அழுத்தம் அஞ்சு பேரு."

"ஏட்டையா, எனக்கு மன அழுத்தம் வேண்டாம். பாராவே குடுத்துருங்க" என்றார் ஒருவர்.

"ஏலே, ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேசுன்னா உனக்கு வலிக்குதா? போயிக் கையெழுத்தப் போட்டுட்டு வா. பொறவு வேற ஆள் மாத்திவிடுதேன்."

ஐந்து பேரும் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் விறைப்பாக நின்று வணக்கம் வைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். இருப்பதிலேயே இளையவர் மட்டும் வாசலில் நின்று, "சார், எம்புட்டு நேரம் இருக்கணும்?" என்று கேட்டார். "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம் தம்பி" என்றேன். "அப்ப வாரேன் சார்" என்று போய்விட்டார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் கண்டிஷன் ஜாமீனில் வெளியே வந்தவர்கள் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போடுகிற நீள நோட்டு உண்டல்லவா? புது நோட்டுக்கு எழுதிப் போட்டு வருவதற்கு நாளாகும் என்று ஜெயபாண்டி அதே நோட்டில் இடது பக்கம் ஜாமீன்காரர்கள், வலது பக்கம் மன அழுத்தக்காரர்கள் என்று நடுவில் கோடு போட்டுவிட்டார். புதன்கிழமை மட்டும் அது என் மேஜைக்கு வரும். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓரம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்தார். ஒட்ட வெட்டின முடி, முறுக்கின மீசை, காக்கி பேண்ட், மேலே வெள்ளைச் சட்டை. மஃப்டி. கையெழுத்தைப் போட்டுவிட்டு மற்றவர்களைப் போல ஓடவில்லை. தயங்கி நின்றார். "வாங்க, உக்காருங்க" என்றேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெயர் தவசிமுத்து.

"தூக்கமே இல்ல சார். நாப்பது நாளாச்சு."

"நாலு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமே?"

"எங்க சார் விடுதாக? எல்லை தாண்டக் கூடாது. தெனமும் இங்க வந்து நின்னாகணும்."

"வீட்டில்?"

"அவ பேசமாட்டேங்கா சார். மக காலேஜுல, அப்பா என்ன செய்யுதாருன்னு கேட்டா, வெளியூர்ல வேலைன்னு சொல்லுதாம்."

"மேலே உள்ளவர்களிடம் சொல்லிப் பார்த்தீர்களா?"

"ஐயாவக் கண்டாலே காலு நடுங்குது சார். உக்காருன்னாலும் உக்கார முடியல."

"கூட இருக்கிறவர்கள் ஆறுதலாக இல்லையா?"

"கூட இருந்தவந்தான் சார் என்னைய மாட்டிவிட்டதே."

கிறிஸ்டோ, ஒவ்வொரு பதிலிலும் நீதான் உட்கார்ந்திருந்தாய். நாலு புதன்கிழமை வந்தார். நாலாவது வாரம் நானே உட்கார்ந்து, தெளிவான கையெழுத்தில் ஒரு அறிக்கை எழுதினேன். 'தலைமைக் காவலர் தவசிமுத்து. நாற்பது நாளாகத் தூக்கம் இல்லை. எல்லை தாண்ட அனுமதி இல்லை. கடுமையான பணிச்சுமை. மேலதிகாரிகள் மீது அச்சம். சக காவலரின் துரோகம். இவருக்கு உடனடியாகப் பத்து நாள் விடுப்பும், குடும்பத்தோடு சேர்ந்திருக்க ஓர் இடமாற்றமும் தேவை.' சந்தோஷத்தோடு தபாலில் சேர்த்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதியிருக்கிறேன். இவ்வளவு மனதாரச் செய்ததில்லை.

மூன்று வாரத்தில், என் அறிக்கையின் நகலோடு பதில் வந்தது. இந்த அளவுக்கு மனம் திறந்து பேசிய காவலர் இவர் ஒருவரே என்றும், விடுப்பு அளிக்க ஏதுவாக இவருடைய காவலர் எண்ணை அனுப்பவும் என்றும் எழுதியிருந்தார்கள். ஜெயபாண்டி தாளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், நம்ம ஸ்டேஷன்ல தவசிமுத்துன்னு யாரு சார்?"

"என்ன இப்படிக் கேட்கிறீர்கள்? உங்கள் ஏட்டுதான். காக்கி பேண்ட், மீசை."

அவர் சைக்கிள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சார், அவன் சுந்தரபாண்டியத்துல நாலு வெள்ளாட்ட ஓட்டிட்டுப் போன கேசு. நாந்தான் சார் அவனப் பிடிச்சேன். நாலு நாள் கண்ணு மூடல. எனக்குத் தங்கச்சி மக சடங்குக்கே லீவு இல்லன்னுட்டாக. அவனுக்குப் பத்து நாளா?" தாளை இன்னொரு தடவை வாசித்தார். "இடமாற்றம் வேற கேட்டிருக்கீக. எங்க மாத்தச் சொல்லுதீக, மதுர ஜெயிலுக்கா?"

அன்று ஸ்டேஷன் சிரித்ததைப் போல ஒரு ஸ்டேஷன் சிரித்து நான் பார்த்ததில்லை. பாரா நின்றவர் துப்பாக்கியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுச் சிரித்தார். தவசிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் திருடன்னு தெரிஞ்சேதான் வாங்க உக்காருங்கன்னு சொல்லுதீகன்னு நெனச்சேன் சார்" என்றார். அதற்கு என்னிடம் உதாரணம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் கோர்ட்டில் கண்டிஷனைத் தளர்த்திவிட்டார்கள். பிறகு அவர் வரவில்லை. புதன்கிழமைகளில் என்னோடு பேசிய ஒரே ஆளும் போனார்.

என்னை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு தாள் வர வேண்டும் அல்லவா?

ஆடிப்பூரத் தேர் முடிந்த அடுத்த புதன். பெண் காவலர் ஒருத்தி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஈஸ்வரி என்று வைத்துக்கொள். உனக்கு எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். நோட்டை அவள் திறக்கவில்லை.

"சார், அந்த ஆட்டுக்காரன் சொன்னதா ஒண்ணு எழுதியிருந்தீகளே, அத ரைட்டர் ஐயா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாக. எல்லாரும் சிரிச்சோம். நானுஞ் சிரிச்சேன். வீட்டுக்குப் போயிச் சிரிப்பு வரல. தூக்கம் இல்ல, எல்லை தாண்டக் கூடாது, மேல உள்ளவங்களக் கண்டா பயம். அம்புட்டும் நம்ம கததான சார்? நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீக. பேரத்தான் மாத்திப் போட்டுட்டீக."

பிறகு அவள் பேசினாள். தேர் அன்று காலை ஐந்து மணிக்கு நின்றவள். கயிற்றுப் பக்கம் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை ஒதுங்கக்கூட இடமில்லாமல், அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறாள். பத்து மணிக்கு வத்திராயிருப்பிலிருந்து அவள் அம்மா போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அவள் பிள்ளை முதல் முதலாக நடக்கிற வீடியோ. பிள்ளை மூன்று எட்டு வைத்து, "அம்மா" என்று யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் முழங்காலைப் பிடித்ததாம். சேலை நிறம் ஒன்றுபோல இருந்ததாம். "கோவம் யாரு மேல சார் வரணும்? அந்தச் சேல மேலயா?" என்றாள். அதற்குப் பிறகு செத்த நேரம் அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சொல்லச் சொல்லக் கடைசி வரைக்கும் கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து முகத்தைத் துடைத்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். "எல்லாரும் எதாச்சும் சொல்லுவாக சார். நீங்க ஒண்ணுமே சொல்லல. அது நல்லாருந்துச்சு" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. ஊரார் பெற்ற பிள்ளை சொல்வதைக் கேட்க முடிகிறது. ஆட்டுத் திருடர் சொல்வதைக் கேட்க முடிகிறது. என் வீட்டில், என் தோசையைப் பிட்டுக்கொண்டு, என் பிள்ளை ஒரு வாக்கியம் ஆரம்பித்தான். அந்தச் சின்னப் பொண்ணு கையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ அதை எட்டு மாதமாகத் தனியாக வைத்திருக்கிறாய். உன் கேள்விக்குப் பதில், இல்லை என்பதுதான். ஒன்றையும் கடைசி வரைக்கும் கேட்டதில்லை. உன் அம்மா ஜெபாதான் கேட்பாள். நீ அவளிடம் சொல்வாய், அவள் எனக்குச் சுருக்கிச் சொல்வாள். ஜெபா கர்த்தரிடம் போன பிறகு எனக்கு யாரும் சுருக்கிச் சொல்வதில்லை.

ஆனால் இப்போது நான் பழகிவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். நீ இதற்காக லீவு கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. புதன் ஸ்டேஷன், ஞாயிறு ஆலயம். நடுவில் ஐந்து நாள்தானே, அது பாட்டுக்குப் போய்விடும். நான் தனியாக இருக்கிறேன் என்று நீ மனதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

உன் ஜீப் ஓட்டுகிற பாண்டியை விசாரித்ததாகச் சொல். ஒரு தடவை உன் போனை அவர் எடுத்து, "ஐயா தூங்குறாங்க சார், எழுப்பட்டுமா?" என்று கேட்டார். எழுப்ப வேண்டாம் என்றேன். நீ தூங்குகிறாய் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்று ஒரு நாள்தான். அவர் குடும்பத்துக்கும் என் ஜெபங்கள். உன் போக்கையும் வரத்தையும், உன் ஷிப்டையும், ஷிப்ட் மாற்றி விடாதவர்களையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. எபனேசர்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு மனம் ஒப்பவில்லை. ஈஸ்வரி பேசியபோது வாய் திறக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா? அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளுங்கள், மத்தியானம் வரை பேசாதீர்கள் என்றார் பல் டாக்டர். ஈஸ்வரி அந்தச் சேலையைப் பற்றிச் சொன்னபோது, பஞ்சுக்குப் பின்னால் இரண்டு உதாரணங்கள் தயாராக இருந்தன. அடுத்த புதன், அவள் சொல்லி இன்னொரு காவலர் வந்தார். பஞ்சு இல்லை. இரண்டே நிமிடத்தில் நீராவி எஞ்சினுக்குப் போய்விட்டேன். அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஆகவே நான் பழகிவிட்டேன் என்று மேலே எழுதியது எதையும் நம்பாதே. நடுவில் உள்ள ஐந்து நாளைப் பற்றி எழுதியதையும் நம்பாதே.

இப்போது எங்கள் சபையில் வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் போன் வழியாக நடக்கிறது. என் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போகாமல் நிறுத்துகிற ஒரு பொத்தானைப் போதகர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்காக இல்லை, கூட்டத்தின் நன்மைக்காக. நன்றாக வேலை செய்கிறது. நான் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்பதில்லை.

எனவே நீ ஒன்று மட்டும் செய். ட்யூட்டி முடிந்ததும், எந்த நேரமானாலும் சரி, எனக்குப் போன் போடு. நான் எடுத்தவுடன் அந்தப் பொத்தானை அழுத்திவிடுவேன். எதை வேண்டுமானாலும் சொல். சொல்லத் தோன்றாவிட்டால் போனைச் சும்மா மேஜைமேல் வைத்துக்கொண்டு சாப்பிடு. முடிந்ததும் நீயே வைத்துவிடு. ஒரு தடவை செய்து பார்.